மாற்றி அனுப்பாதீங்க, கேமராவில் இருக்கிறபடியே கொடுங்க



கொஞ்சம் நீளமான பதிவு. பொறுமையாகப் படிச்சுட்டு, உங்க வீட்டில் கேமராவோ கைப்பேசியோ வைத்துத் திருவிழாவைப் படம் எடுக்கிறவங்க இருந்தால் அவங்களுக்கும் காட்டுங்க.

திருவிழா முடிந்த மறுநாளே புலனக் குழுவில் கேள்வி வந்துவிடும்: "வீடியோ எப்ப வரும்?" உரிமையோடு கேட்கிறீங்க, தப்பே இல்லை. அப்பா தூக்கிய காவடி, மகள் எடுத்த பால்குடம், பாட்டி கடைசியாக ரதத்துக்கு முன்னால் நின்று தேங்காய் உடைத்த நேரம், எல்லாம் அதில்தான் இருக்கிறது. ஆனால் தாமதம் எங்கே ஆகிறது என்று பலருக்குத் தெரியாது. வெட்டி ஒட்டுகிற வேலையில் அவ்வளவு நேரம் போவதில்லை. அதற்கு முன்னால், ஏழெட்டு பேரிடமிருந்து வந்த கோப்புகளை எடிட்டிங் மென்பொருள் ஏற்றுக்கொள்கிற மாதிரி மாற்றுகிற இடத்தில்தான் ராத்திரி ராத்திரியாக உட்கார வேண்டியிருக்கு. ஒன்று திறக்காது. ஒன்று திறக்கும், சத்தம் வராது. இன்னொன்று 63 சதவீதம் வரை ஓடி, சிவப்பு எழுத்தில் பிழை காட்டி நின்றுவிடும்.

இதில் எங்கள் கருத்தை நேராகவே சொல்லிவிடுகிறோம். இந்தப் பிழைகளில் பெரும்பாலானவை கணினியில் பிறப்பதில்லை. கேமராவுக்கும் எங்களுக்கும் நடுவில் பிறக்கின்றன. அதுவும் நல்ல மனசோடு செய்த உதவியில்தான் பிறக்கின்றன. "பெருசா இருந்துச்சு அண்ணே, சின்னதா மாத்தி அனுப்பிட்டேன்" என்கிற ஒரு வார்த்தை போதும். பிழை காட்டுகிற மூலக்கோப்பைப் பெரும்பாலும் சரி பண்ணிவிடலாம். மாற்றி, சுருக்கி, மூலத்தை அழித்துவிட்டால் யாராலும் ஒன்றும் செய்ய முடியாது. அதனால்தான், கேமரா எழுதிய மூலப்பதிவும் ஆலயச் சொத்து என்று நாம் எல்லோரும் நினைக்க ஆரம்பிக்கணும் என்கிறோம். ஏன் இப்படிச் சொல்கிறோம் என்பதை ஒவ்வொரு பிழையாகப் பார்ப்போம்.

முதல் பிழை: "இந்த வடிவத்தைத் திறக்க முடியாது"

எம்பி4, மூவ், எம்டிஎஸ் என்று கோப்பின் பெயருக்குப் பின்னால் வருவது பாத்திரத்தின் பெயர் மட்டுமே. உள்ளே இருப்பது எச்.264 ஆக இருக்கலாம், எச்இவிசி ஆக இருக்கலாம், வேறு ஏதாவதாகவும் இருக்கலாம். அன்னதான மண்டபத்தில் ஒரே மாதிரி வாளி நாலு இருக்கும். ஒன்றில் சாம்பார், ஒன்றில் ரசம், ஒன்றில் பாயசம். வாளியைப் பார்த்து உள்ளே இருப்பதைச் சொல்ல முடியுமா? அதே கதைதான் இங்கேயும். சிலர் எம்டிஎஸ் என்று இருப்பதை எம்பி4 என்று பெயர் மாற்றி அனுப்புகிறார்கள். சாம்பார் வாளியில் பாயசம் என்று எழுதி ஒட்டினால் இனிக்காது. உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருள் இருக்கு. எந்தக் கோப்பு தகராறு செய்தாலும் நாங்கள் முதலில் அதைத்தான் திறக்கிறோம்.

ஐபோன் வைத்திருப்பவர்கள் கவனிங்க. 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து அதற்குப் பொருத்தமான ஐபோன்கள் வழக்கமாக எச்இவிசியில்தான் பதிவு செய்கின்றன. இடம் கொஞ்சமாகப் பிடிக்கும், தரமும் நன்றாக இருக்கும். ஆனால் பழைய மடிக்கணினி அதைத் திறக்கத் திணறும். செட்டிங்ஸில் கேமரா, அதில் ஃபார்மெட்ஸ், அதில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' என்று வைத்தால் எச்.264-இல் பதியும். படம் எடுப்பதற்கு முன்னால் மாற்றினால்தான் பயன். எடுத்த பிறகு நீங்கள் மாற்றவே வேண்டாம். அப்படியே கொடுங்க, நாங்க பார்த்துக்கிறோம்.

கேபிள் போட்டு விண்டோஸ் கணினிக்கு ஏற்றும்போது பாதியில் "சாதனம் இயங்கவில்லை" என்று பிழை வந்து நின்றுவிடுகிறதா? கேபிளும் போனும் கெட்டுப்போனதாக நினைத்துப் பல பேர் கடைக்கு ஓடியிருக்கிறார்கள். பெரும்பாலும் காரணம் வேறு. கணினிக்கு அனுப்பும்போதே போன் தானாக வடிவத்தை மாற்றப் பார்க்கிறது, நடுவில் தடுமாறுகிறது. ஃபோட்டோஸ் அமைப்பின் அடியில் 'டிரான்ஸ்ஃபர் டு மேக் ஆர் பிசி' என்ற இடத்தில் 'கீப் ஒரிஜினல்ஸ்' என்று வைத்துவிட்டால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூலத்தை அப்படியே அனுப்பச் சொன்னதும் பிழை போய்விடுகிறது. நாங்கள் இந்தப் பதிவு முழுக்கச் சொல்ல வருவதும் அதைத்தான்.

இரண்டாவது: ஒரே ஒரு எம்டிஎஸ் கோப்பு

நம் ஆலயத்தில் போன கும்பாபிஷேகம் நடந்து பன்னிரண்டு வருஷம் ஆகப்போகிறது. அப்போது பலர் கையில் இருந்தது கேம்கோடர். சோனியும் பேனசோனிக்கும் சேர்ந்து 2006-இல் கொண்டுவந்த ஏவிசிஎச்டி முறையில் அவை பதிந்தன. அந்தக் கார்டைத் திறந்தால் பிரைவேட், அதற்குள் ஏவிசிஎச்டி, அதற்குள் பிடிஎம்வி, அதற்குள் ஸ்ட்ரீம் என்று பெட்டிக்குள் பெட்டியாக இருக்கும். கடைசிப் பெட்டியில்தான் 00000, 00001 என்று காணொளிகள் கிடக்கும். பெரும்பாலானவர்கள் அந்தக் கடைசிப் பெட்டியிலிருந்து நாலு கோப்பை மட்டும் எடுத்துப் பென்டிரைவில் போட்டுக் கொடுத்துவிட்டு, மற்றதை "வேண்டாத குப்பை" என்று அழித்துவிட்டார்கள்.

அது குப்பை இல்லை. நீளமான பதிவை அந்தக் கேமராக்கள் 2 அல்லது 4 ஜிபி ஆனதும் அடுத்த கோப்பாகப் பிரித்துவிடும். எந்தக் கோப்பு எதன் தொடர்ச்சி என்கிற விவரம் மற்ற பெட்டிகளில்தான் இருக்கு. பெட்டி முழுசாக இருந்தால் எடிட்டிங் மென்பொருள் தானாகவே சேர்த்துக்கொள்ளும். தனித்தனியாக எடுத்து ஒவ்வொன்றாகக் கன்வெர்ட் செய்தால், ஒட்டுகிற இடத்தில் ஒரு சின்ன இடைவெளி விழும், சத்தம் 'டக்' என்று வெட்டும். கலசத்தில் தீர்த்தம் ஊற்றுகிற நேரத்தில் அது விழுந்தால் எப்படி இருக்கும்? கோபுரத்தில் குருக்கள் ஊற்றியது ஒரே தடவைதான்.

கோப்ரோ வைத்திருக்கும் தம்பிகளுக்கும் இதே விஷயம். புதிய மாடல்களில் ஜிஎக்ஸ் அல்லது ஜிஎச் என்று தொடங்கி, அடுத்த இரண்டு எண் 01, 02, 03 என்று மாறும். அவை ஒரே பதிவின் பாகங்கள். "ஒரே மாதிரி பேரா இருந்துச்சு, டபுள் காப்பின்னு நினைச்சு அழிச்சிட்டேன்" என்று யாரும் வந்து நிற்க வேண்டாம், லா.

மூன்றாவது: படம் வருது, நாதஸ்வரம் வரல

ஏவிசிஎச்டி கேமராக்களில் பல, ஒலியை டால்பி டிஜிட்டல் முறையில் பதியும். சில எடிட்டிங் மென்பொருளில் அதைப் பிரித்துப் படிக்கிற வசதி இருக்காது. படம் மட்டும் ஓடும், மேளதாளம் எதுவும் கேட்காது. உடனே "ரெக்கார்டிங்ல சத்தமே இல்ல" என்று முடிவு கட்டிவிடாதீங்க. விஎல்சியில் போட்டுப் பாருங்க. அதில் கேட்டால் ஒலி பத்திரமாக இருக்கிறது என்று அர்த்தம். எஃப்எஃப்எம்பெக் என்ற இலவசக் கருவியில் படத்தைத் தொடாமல் அப்படியே நகலெடுத்து, ஒலியை மட்டும் வேறு வடிவத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். சில நிமிஷ வேலை. படத்தின் தரம் ஒரு துளி குறையாது.

நான்காவது: உறுமியில் கை விழுந்து, அப்புறம் சத்தம் வருது

கைப்பேசிக் காணொளிகளில் இது அடிக்கடி நடக்கும். போன்கள் ஒரு நொடிக்கு எத்தனை படம் என்பதை ஒரே சீராக வைத்திருப்பதில்லை. வெளிச்சம் குறைந்தால், போன் சூடானால் எண்ணிக்கை ஏறும், இறங்கும். எடிட்டிங் மென்பொருளோ சீரான எண்ணிக்கையை எதிர்பார்க்கும். தொடக்கத்தில் ஒத்துப்போகும், இருபது நிமிஷம் கழித்து உறுமி மேளத்தின் சத்தம் கையை விட்டு நகர்ந்துவிடும். ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் 'கான்ஸ்டன்ட் ஃபிரேம்ரேட்' என்பதைத் தேர்ந்தெடுத்து மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூலக்கோப்பு கையில் இருந்தால்தான் இது எளிது. ஏற்கெனவே இரண்டு ஆப்பில் சுருக்கி, புலனத்தில் மூன்று கை மாறி வந்ததென்றால், எந்த இடத்தில் எவ்வளவு நகர்ந்தது என்று காதை வைத்துத்தான் தேடணும்.

இன்னொன்றும் இதோடு சேர்த்துச் சொல்லணும். மலேசியாவிலும் சிங்கப்பூரிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். கேமராவில் 30 அல்லது 60 என்று வைத்து எடுத்தால் மண்டபத்துக் குழல்விளக்கும் சீரியல் விளக்கும் படத்தில் துடிக்கும். 25 அல்லது 50 என்று வைத்து, ஷட்டரை ஐம்பதில் ஒன்று அல்லது நூறில் ஒன்றாக வையுங்க. அந்தத் துடிப்பு படத்துக்குள்ளேயே பதிந்துவிடுவதால் எந்தக் கன்வெர்ட்டரும் அதைச் சுலபமாக எடுக்காது.

ஐந்தாவது: பாதியில் நின்றுவிட்டது

கன்வெர்ட் செய்யும்போது பாதியில் நின்றால் நாங்கள் முதலில் பார்ப்பது இடம். எடிட்டிங்குக்கு ஏற்ற புரோரெஸ் வடிவத்துக்கு மாற்றினால், முழு எச்டியில் ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 55 ஜிபி ஆகும். டிஸ்க் நிறைந்தால் வேலை நின்றுவிடும், மென்பொருள் சம்பந்தமில்லாத ஏதோ ஒரு பிழையைக் காட்டும். சரியாக 4 ஜிபியில் நின்றால் அந்தப் பென்டிரைவ் பழைய ஃபேட்32 முறையில் இருக்கிறது. அதில் அதைவிடப் பெரிய கோப்பு நிற்காது. உள்ளே இருப்பதை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு எக்ஸ்ஃபேட் முறைக்கு மாற்றினால் போதும்.

அடுத்து, திரும்ப ஓடவிட்டுப் பார்ப்போம். எப்போதும் ஒரே நிமிஷத்தில் நின்றால் கோப்பில் அந்த இடத்தில் பழுது. ஒவ்வொரு தடவையும் வேறு இடத்தில் நின்றால் கோப்பைக் குறை சொல்ல வேண்டாம். கேபிள், கார்டு ரீடர், கணினியின் சூடு, இவற்றைச் சோதிக்கணும். கார்டிலிருந்து நேராகக் கன்வெர்ட் செய்வதும் வேண்டாம். முதலில் முழுசாகக் கணினிக்கு நகலெடுத்து, இரண்டு பக்கமும் அளவு ஒன்றா என்று பார்த்துவிட்டு ஆரம்பிங்க.

ஆறாவது: ஆட்டம் காணோம்

கன்வெர்ட் செய்யும்போது "மூவ் ஆட்டம் நாட் ஃபவுண்ட்" என்று ஒரு பிழை வரும். எந்த ஆட்டம் காணோம், கரகாட்டமா என்று எங்கள் குழுவில் சிரிப்பு உண்டு. ஆனால் விஷயம் பெரிசு. எம்பி4, மூவ் வகைக் கோப்புகளில் கேமரா படத்தை எழுதிக்கொண்டே போய், நிறுத்துகிற நேரத்தில்தான் பொருளடக்கத்தை எழுதும். அந்தப் பொருளடக்கத்துக்குத்தான் இந்தப் பெயர். நிறுத்துவதற்கு முன் பேட்டரி செத்துவிட்டால், யாராவது அவசரத்தில் கார்டை உருவிவிட்டால், படம் முழுக்க இருந்தும் பொருளடக்கம் இருக்காது. எந்த மென்பொருளும் திறக்காது.

இப்படி ஆனால் மூன்று விஷயம் செய்யக் கூடாது: ஃபார்மெட் பண்ணாதீங்க, அதே கார்டில் வேறு படம் எடுக்காதீங்க, கண்ட ஆப்பைப் போட்டுத் 'திருத்தி' அதே கார்டில் சேமிக்காதீங்க. முழு சார்ஜ் உள்ள பேட்டரியைப் போட்டு, அதே கேமராவில் அதே கார்டைத் திரும்பப் போடுங்க. பல கேமராக்கள் தாங்களாகவே பழுதைக் கண்டு சரிசெய்யக் கேட்கும். கேட்காவிட்டால் எங்களிடம் கொண்டுவாங்க. அதே கேமராவில், அதே அமைப்பில் எடுத்த நல்ல கோப்பு ஒன்றும் வேண்டும். அதை மாதிரியாக வைத்துப் பொருளடக்கத்தை மறுபடி கட்டுகிற அன்டிரங்க் என்ற கருவி இருக்கு. எல்லா நேரமும் பலிக்கும் என்று வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் கார்டு கைபடாமல் வந்தால் வாய்ப்பு நிறைய இருக்கு.

இனி, எங்களிடம் வழக்கமாகச் சொல்லப்படும் நாலு பதில்களுக்கு வருவோம்.

"ஒரிஜினல் ரொம்ப இடம் பிடிக்குதே." கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஏவிசிஎச்டியில் நல்ல தரத்தில், அதாவது நொடிக்கு 24 மெகாபிட் என்ற அளவில் எடுத்தால், ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 11 ஜிபி. ஒரு டெராபைட் டிஸ்கில் 90 மணி நேரம் நிற்கும். பல வருஷத் திருவிழா ஒரு கைப்பிடி டிஸ்கில் அடங்கிவிடும். ஒரு வேளை அன்னதானச் செலவுகூட ஆகாது.

"கண்ணுக்கு வித்தியாசமே தெரியலையே." ஒருவர் பேசுகிற படத்தில் தெரியாமல் இருக்கலாம். சாம்பிராணிப் புகை, பூச்சொரிதல், விபூதி அபிஷேகம், தேருக்கு முன்னால் நெருங்கி நிற்கும் கூட்டம், இவற்றில் பாருங்க. எல்லாம் சின்னச் சின்னக் கட்டமாகக் கரைந்துவிடும். சுருக்குகிற முறைகளுக்கு இவைதான் மிகக் கஷ்டமானவை. அதுவும் ஜெராக்ஸை ஜெராக்ஸ் எடுப்பது போல, ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் போகும். போனது திரும்பி வராது.

"அதான் யூடியூப்ல ஏத்தியாச்சே, அப்புறம் என்ன?" யூடியூபும் சுருக்கித்தான் வைக்கிறது. அதோடு, ரதத்து ஒலிபெருக்கியில் ஓடிய பக்திப் பாடலுக்கு யாராவது உரிமை கோரினால் அந்தப் பகுதியின் சத்தமே அணைந்துபோகலாம். எல்லாவற்றையும் பொதுவில் போடவும் கூடாது. அருள் வந்து ஆடியவர்கள், நேர்த்திக்கடனை அமைதியாகச் செலுத்தியவர்கள், சின்னப் பிள்ளைகள், இவர்களின் படங்கள் ஆலயத்தில் பத்திரமாக இருக்கலாம், ஊர் முழுக்கச் சுற்ற வேண்டாம். முகநூலும் யூடியூபும் காட்டுகிற இடம், காப்பாற்றுகிற இடம் வேறாக இருக்கணும்.

"அப்போ கன்வெர்ட்டே பண்ணக் கூடாதா?" பண்ணலாம், பண்ணித்தான் ஆகணும். பழைய மடிக்கணினியில் 4கே படத்தை வெட்ட முடியாது. அதற்காக இலேசான நகல் ஒன்று எடுத்து அதில் எடிட் செய்து, கடைசியில் மூலத்தோடு இணைத்து வெளியிடுகிறோம். மூலம் ஓரமாகப் பத்திரமாக இருக்கிறது. நகல் எத்தனை வேண்டுமானாலும் எடுங்க. மூலத்தை மட்டும் அழிக்காதீங்க.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் இருக்கு. இந்த நாட்டில் நம் கோயில்களில் பல, தோட்டத்தில் பிறந்தவை. ரப்பர் மரத்துக்கடியில் ஒரு சூலமும் ஒரு கல்லுமாகத் தொடங்கி, தகரக் கொட்டகையாகி, பிறகு கோபுரம் கண்டவை. தோட்டம் விற்கப்பட்டு, மக்கள் டவுனுக்குப் போய், கோயிலும் வேறு நிலத்துக்கு மாறிய கதை பல ஊரில் உண்டு. பழைய இடத்தில் இப்போது வீடமைப்புத் திட்டமோ நெடுஞ்சாலையோ இருக்கும். அந்தப் பழைய சன்னிதி எப்படி இருந்தது, தீமிதிக்குழி எந்தப் பக்கம் வெட்டினார்கள், எந்தத் தாத்தா தேவாரம் பாடினார், யார் கரகம் எடுத்தார் என்பதை இன்றைய பிள்ளைகளுக்குக் காட்ட யாரோ ஒருவர் வீட்டு அலமாரியில் கிடக்கிற ஒரு டேப்போ கார்டோதான் மிச்சம். அது அங்கேயே பூஞ்சை பிடித்துக்கொண்டிருக்கிறது. நம் நாட்டு ஈரக் காற்று டேப்புக்கு எதிரி.

மினிடிவி டேப் வைத்திருக்கிறவங்க இன்னும் தள்ளிப்போடாதீங்க. ஒரு மணி நேர டேப்பை ஏற்ற ஒரு மணி நேரம் முழுசாக ஓடவிடணும், அது ஏறக்குறைய 13 ஜிபி ஆகும். அதை ஓட்டுகிற கேமராவும், இணைக்கிற ஃபயர்வயர் கேபிளும் குறைந்துகொண்டே வருகின்றன. அப்படி ஏற்றிய படத்தில் அசைவு வருகிற இடத்தில் சீப்புப் பல் போலக் கோடுகள் தெரிந்தால் பயப்படாதீங்க. படம் கெடவில்லை. அந்தக் காலத்துக் கேமரா ஒற்றைக் கோடுகளையும் இரட்டைக் கோடுகளையும் மாற்றி மாற்றி எழுதியது. வெளியிடும் நகலில் 'டீஇன்டர்லேஸ்' செய்தால் போய்விடும். மூலத்தை அப்படியே விட்டுவிடணும்.

ஆலய நிர்வாகத்தினரிடமும் பணிவோடு ஒரு வேண்டுகோள். நகைக்குப் பதிவேடு இருக்கு, உண்டியலுக்குக் கணக்கு இருக்கு, பித்தளைப் பாத்திரத்துக்குக்கூட எண்ணிக்கை இருக்கு. திருவிழாப் பதிவுகளுக்கு மட்டும் எதுவும் இல்லை. தொண்டர் ஊர் மாறினால் பதிவும் அவரோடு போய்விடுகிறது. இரண்டு டிஸ்க் வாங்குவோம். ஒன்று ஆலய அலுவலக இரும்பு அலமாரியில், இன்னொன்று வேறு கட்டடத்தில். எந்த நாள், எந்த விழா, எந்தக் கேமரா என்று ஒரு நோட்டில் எழுதுவோம். வருஷத்துக்கு ஒரு தடவை, தைப்பூசத்துக்கு முன்னால், இரண்டையும் திறந்து படிக்கிறதா என்று பார்ப்போம். டிஸ்க்கும் சாகும், அதனால் சில வருஷத்துக்கு ஒருமுறை புதியதற்கு மாற்றுவோம். அடுத்த கும்பாபிஷேகம் நெருங்குகிறது. இதை வேலைப் பட்டியலில் இப்போதே சேர்த்துவிடுங்கள்.

பக்தர்களுக்கு, இந்தத் திருவிழாவிலிருந்தே:

படம் எடுக்கும் முன் கேமராவின் தேதியையும் நேரத்தையும் சரி பாருங்க. ஐந்து கேமராப் படங்களை வரிசைப்படுத்த அது பெரிய உதவி.

கார்டை முழுசாகக் கொடுங்க. பெட்டியைப் பிரிக்காதீங்க, பெயரை மாற்றாதீங்க.

புலனத்தில் அனுப்பியே ஆகணும் என்றால் 'டாக்குமென்ட்' என்ற வழியில் அனுப்புங்க. 2 ஜிபி வரை சுருங்காமல் வரும். அதற்கு மேல் என்றால் பென்டிரைவில் கொடுங்க.

நாங்கள் "கிடைச்சிருச்சு, திறந்து பார்த்தாச்சு" என்று சொல்கிற வரை கார்டை ஃபார்மெட் செய்ய வேண்டாம்.

பழைய டேப், கார்டு, சிடி எது இருந்தாலும் வெள்ளிக்கிழமை பூஜைக்கு வரும்போது கொண்டுவந்து தொண்டர் மேசையில் கொடுங்க. நகலெடுத்துவிட்டு உங்களுடையதை உங்களிடமே திருப்பித் தருவோம். ஓடாது என்று நினைக்கிறதையும் தூக்கிப் போடாமல் கொண்டுவாங்க.

அம்மன் அருளால் எல்லாரும் நலமாக இருங்க.

இப்படிக்கு,
ஆலய ஒளிப்பதிவுத் தொண்டர்கள்